மாடித் தொட்டித் தண்ணீர் பற்றி ஒரு திருத்தம்

செம்பூர், மும்பை,
11 ஜூன் 2025, புதன்கிழமை

அன்பு மகள் ஜெனிஃபருக்கு,

தேவ கிருபையால் நானும் உன் அம்மாவும் இங்கே சுகம். நீயும் மாப்பிள்ளை பிரைட்டனும் உன் வயிற்றுப் பிள்ளையும் அந்த மஸ்கட் வெயிலில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் கேட்டுக்கொள்கிறோம். செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நேற்று மாலை நான்கு பத்துக்கு, ஸயனில் உள்ள பரிசோதனைக் கூடத்தில் நம் கட்டடத்துத் தண்ணீர் அறிக்கையை நானே கையெழுத்துப் போட்டு வாங்கினேன். கீழே முனிசிபல் குழாயில் பிடித்த தண்ணீரில் கிருமி இல்லை. மொட்டை மாடித் தொட்டியில் பிடித்த தண்ணீரில் இருக்கிறது, சாக்கடையிலிருந்தோ எச்சத்திலிருந்தோ வருகிற வகை என்று அங்கிருந்த பெண் விளக்கினாள். ஆகவே ஜூன் ஒன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை நான் உனக்கு போன் செய்து, தண்ணீரை நானே சோதித்துவிட்டேன், சுத்தமாக இருக்கிறது, நீ தைரியமாகப் புறப்பட்டு வா என்று சொன்னேனே, அது தவறு. தவறாகப் போட்ட செய்திக்குத் திருத்தம் போடாமல் நான் பத்திரிகையில் முப்பத்திரண்டு வருஷம் இருந்ததில்லை, பெற்ற மகளுக்கு மட்டும் போடாமல் விடக்கூடாது. போனில் சொன்னால் நீ பாதி கேட்டுவிட்டு போனை அம்மாகிட்ட குடுங்க என்பாய், அதனால் எழுதுகிறேன். லீவில் வந்திருக்கும் மாப்பிள்ளையின் ஆபீஸ் சிநேகிதர் தளவாய் சனிக்கிழமை திரும்பிப் போகிறார், அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். உனக்குத் தமிழ் எழுத்து கூட்டிப் படிக்க நேரமாகும் என்று தெரியும். மாப்பிள்ளை நாகர்கோவிலில் படித்தவர், அவரைப் படிக்கச் சொல், ஆனால் கடைசிப் பக்கத்தை மட்டும் நீயே படி.

இது எங்கே ஆரம்பித்தது என்று சொல்ல வேண்டும். மார்ச் மாதம் மாட்டுங்கா தமிழ்ச் சங்கக் கூட்டத்தில் சஃப்ரீன் என்று ஒரு பெண் பேசினாள். தாராவியில் ஒரு பள்ளியில் அறிவியல் டீச்சர், மேலப்பாளையத்துக் குடும்பம், அப்பா தோல் பை பட்டறை வைத்திருக்கிறார். பள்ளியில் சின்னப் பெண் பிள்ளைகளின் ஸ்கவுட் குழுவை அவள்தான் நடத்துகிறாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெண்கள் வாரத்துக்கு இரண்டு நாள் வந்து உதவினால் நன்றாயிருக்கும் என்றாள். உன் அம்மா அந்தக் கூட்டம் முடிவதற்குள் பேரைக் கொடுத்துவிட்டாள். டெலிபோன் ஆபீஸில் முப்பத்தொரு வருஷம் லைன் கொடுத்துவிட்டு வீட்டில் இருப்பவள், ஐம்பத்தொன்பது வயதில் கழுத்தில் ஸ்கார்ஃபும் விசிலுமாக நிற்கப்போகிறாள் என்றால் எனக்கு நம்பிக்கை வரவில்லை. யாராவது இலவசமாக ஆள் பிடிக்கிறார்களோ என்று தோன்றியது. பள்ளிக்கே போய் விசாரித்தேன். குழு பதிவானது, பயிற்சி நடப்பது உண்மை. ஆனாலும் சஃப்ரீனிடம் உனக்கு இதில் என்னம்மா கிடைக்கிறது என்று நேராகவே கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டு, "ஞாயித்துக்கிழமை தூக்கம் போவுது அங்கிள், அதான் கெடைக்குது" என்றாள். அந்தப் பதிலில் சந்தேகப்பட ஒன்றும் அகப்படவில்லை.

அவள் குழுவில் ஒரு சட்டம் வைத்திருக்கிறாள். பிள்ளைகளுக்கு எந்த பேட்ஜுக்குத் தேர்வு வைக்கிறார்களோ, அந்த பேட்ஜின் வேலை முழுவதையும் வைக்கிறவர் முதலில் தானே செய்து, நோட்டில் எழுதி, சஃப்ரீனிடம் தேற வேண்டும். ஆகவே ஏப்ரலிலிருந்து நம் வீடு வீடாக இல்லை. உன் பழைய அறை ஜன்னலில் பன்னிரண்டு வகை இலை காய்கிறது. மொட்டை மாடியில் நின்று எந்த நட்சத்திரம் எந்தக் கட்டடத்துக்கு மேல் எழுகிறது என்று படம் போடுகிறாள். பறவை பேட்ஜுக்காக விடியற்காலை மாஹுல் பக்கம் போகத் தொடங்கியபோது என்னால் சும்மா இருக்க முடியவில்லை, ஒரு நாள் சொல்லாமல் பின்னாலேயே போனேன். படகுத் துறைச் சுவரில் உட்கார்ந்து, கையை நீட்டிக் கட்டைவிரலை அளவாகப் பிடித்துக்கொண்டு, சேற்றில் மேய்கிற பூநாரைகளை ஒரு விரலுக்கு இத்தனை என்று எண்ணிக்கொண்டிருந்தாள். நான் வந்ததைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வந்ததுதான் வந்திய, அந்தப் பக்கம் நிக்கிறத எண்ணுங்க" என்றாள். அவள் எண்ணிக்கை நூற்றுத் தொண்ணூறு, என்னுடையது இருநூற்றுப் பன்னிரண்டு. இரண்டையும் எழுதி, என் பெயருக்கு நேரே அவசரக்காரர் என்று குறித்துக்கொண்டாள்.

மே மாதக் கடைசியில் மழை முன்கூட்டியே வந்ததே, அப்போது வானிலை பேட்ஜுக்காக பிளாஸ்டிக் பாட்டிலை வெட்டி மழைமானி செய்து மாடியில் வைத்தாள். இரண்டாம் நாள் அதைக் காணோம். எடுத்தெறிந்தவர் சுயம்பு. நீ கல்யாணமாகிப் போன பிறகு நம் கட்டடத்து வீட்டுக்காரர்களின் சொசைட்டிக்குச் செயலாளராக வந்தவர் இவர், செம்பூர் மார்க்கெட்டில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். கேட்டதற்கு, "அக்கா, அதுல டெங்கு கொசு முட்டை போட்டா முனிசிபாலிட்டிக்காரன் பில்டிங்குக்குல்லா நோட்டீஸ் ஒட்டுவான்" என்றார். அதில் நியாயம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் மானியைத் தேடி மாடியெல்லாம் சுற்றின உன் அம்மா, தண்ணீர்த் தொட்டியின் மூடி ஒரு பக்கம் உடைந்து கிடப்பதையும் உள்ளே புறா இறகு மிதப்பதையும் பார்த்துவிட்டாள். சஃப்ரீனிடம் தண்ணீர் சோதிக்கிற புட்டிகள் இருந்தன. சின்னக் கண்ணாடிப் புட்டி, உள்ளே மருந்து தோய்த்த ஒரு தாள். கோடு வரை தண்ணீர் ஊற்றி ஒன்றிரண்டு நாள் வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால், தண்ணீர் கெட்டிருந்தால் கறுத்துவிடும். மூன்று புட்டி வாங்கி வந்து, கீழ்க்குழாய், மாடித் தொட்டி, நம் சமையலறை ஃபில்டர் என்று மூன்றிலும் பிடித்து, டி.வி. பெட்டிக்குப் பின்னால் சூடான இடத்தில் வைத்தாள். இரண்டு தெளிவாக இருந்தன. தொட்டித் தண்ணீர் மறுநாளே மை போலக் கறுத்தது.

சுயம்புவிடம் காட்டினோம். "அண்ணாச்சி, டாங்கி போன மாசந்தான் கழுவுனோம், ஃபோட்டோ இருக்கு" என்று போனை நீட்டினார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "அக்காவுக்கு பேட்ஜ் கெடைக்கணும்னா நம்ம டாங்கி நாறணுமாக்கும்" என்றார். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். படத்தை எனக்கு அனுப்பச் சொல்லி வாங்கி வீட்டில் வைத்துப் பார்த்தேன். ஒருவர் தொட்டிக்குள் நின்று தேய்க்கிறார், அது சரி. ஆனால் அவருக்குப் பின்னால் எதிர்க் கட்டடத்தில் பச்சை வலை கட்டியிருக்கிறது. அந்தக் கட்டடத்துக்கு வண்ணம் அடித்து முடித்து வலையைப் பிரித்தது ஜனவரியில். அப்படியானால் படம் ஜனவரிக்கு முந்தியது. போன மாதம் கழுவினார்கள் என்பதற்கு வேறு சாட்சி இதுவரை ஒருவரும் இல்லை.

இவ்வளவு கூர்மையாகச் சுயம்புவைச் சந்தேகப்பட்டவன், அதே கையோடு உன் அம்மாவையும் சந்தேகப்பட்டேன். கையைச் சரியாகக் கழுவாமல் பிடித்திருப்பாள், தொட்டியில் முக்கின குவளை அழுக்காக இருந்திருக்கும், அவள் கையிலிருந்தே கிருமி போயிருக்கும் என்று நினைத்தேன். ஒரு பேட்ஜ் புட்டியை நம்பி நீ வருவதை நிறுத்துவதா என்று கோபமும் இருந்தது. அதனால் அவளிடம் சொல்லாமல் சஃப்ரீனிடம் ஒரு புட்டி வாங்கி வந்து, மே முப்பதாம் தேதி நானே பிடித்தேன். கையை முழங்கை வரை டெட்டால் போட்டுக் கழுவினேன். குவளையை டெட்டாலில் ஊறவைத்தேன். புட்டிக்குள்ளும் ஒரு மூடி ஊற்றிக் குலுக்கிக் கொட்டினேன். அதன் பிறகுதான் தொட்டித் தண்ணீரைப் பிடித்தேன். இரண்டு நாள் கழித்தும் பளிங்கு மாதிரி இருந்தது. உடனே உனக்கு போன் செய்தேன். கீழே போய்ச் சுயம்புவிடமும் சொன்னேன். அவர் சொசைட்டி வாட்ஸாப்பில், ரிப்போர்ட்டர் அண்ணாச்சியே டெஸ்ட் பண்ணிப் பாணி சாஃப், தண்ணீர் சுத்தம் என்று சொல்லிவிட்டார், யாரும் வதந்தி பரப்ப வேண்டாம் என்று போட்டுவிட்டார்.

உன் அம்மா மூன்று நாள் பேசவில்லை. சாப்பாடு மேசைக்கு வந்தது, பேச்சு வரவில்லை. புதன்கிழமை காலை தன் ஸ்கவுட் நோட்டை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். பிள்ளைகளிடம் எப்படிக் கேட்க வேண்டுமோ அப்படியே கேட்கிறேன், செய்ததை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லுங்கள் என்றாள். நான் பெருமையாகவே சொன்னேன். டெட்டால் என்ற இடம் வந்ததும் பேனாவை மூடினாள். "கிருமியெல்லாத்தையும் மாங்கு மாங்குன்னு கொன்னு போட்டுட்டு, கிருமி இல்லன்னு பிள்ளைக்கு போன் வேற பண்ணிருக்கிய" என்றாள். எட்டு வயதுப் பிள்ளைகளில் ஒருத்தியும் இதைச் செய்யமாட்டாள் என்று சஃப்ரீன் பிறகு என்னிடம் சொன்னாள், ஆறுதலாகச் சொன்னதாக நினைக்கிறேன். வெள்ளிக்கிழமை நானும் அம்மாவும் பரிசோதனைக் கூடம் கொடுத்த பாட்டில்களில், அவர்கள் சொன்ன முறைப்படி பிடித்துக் கொண்டு போய்க் கொடுத்தோம். அதன் முடிவைத்தான் மேலே எழுதினேன். வாட்ஸாப்பில் என் பெயரிலேயே திருத்தம் போட்டேன். நாற்பத்தாறு பேர் படித்திருக்கிறார்கள், சுயம்பு மட்டும் இன்னும் படிக்கவில்லை என்று போன் காட்டுகிறது. ஆனால் நேற்று சாயங்காலமே அவர் மாடியில் புது மூடிக்கு அளவெடுத்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

உன்னிடம் நாங்கள் மறைத்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் மாடிப் பரீஹாவுக்கு, உன்னோடு டியூஷனுக்கு வருவாளே அவளுக்கு, மே மாதம் மஞ்சள்காமாலை வந்து எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். இப்போது நன்றாக இருக்கிறாள். நம் தொட்டித் தண்ணீரால் வந்தது என்று யாரும் நிரூபிக்கவில்லை, அவள் வெளியிலும் சாப்பிடுகிறவள். ஆனால் அம்மா வழக்கமாகப் போகிற லேடி டாக்டரிடம் கேட்டபோது, மற்றவர்களுக்கு வந்தால் படுத்து எழுந்துவிடுவார்கள், ஏழு மாதத்துக்கு மேல் கர்ப்பமாக இருப்பவளுக்கு வந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் உயிருக்கே ஆபத்தாகலாம், அதில் விளையாடாதீர்கள் என்றார். ஃபில்டர் தண்ணீர் இருக்கிறதே என்று சுயம்பு சொல்கிறார். நீ பல் தேய்ப்பதும் குளிப்பதும் நாம் பாத்திரம் கழுவுவதும் பிறந்த பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்து ஊற்றுவதும் தொட்டித் தண்ணீரில்தானே. உனக்கு இப்போது முப்பத்தொன்றாவது வாரம். டிக்கெட் இருபத்தெட்டாம் தேதிக்கு. முப்பத்தாறு வாரத்துக்கு மேல் விமானத்தில் ஏற்றமாட்டார்கள் என்று நீதான் சொன்னாய். தள்ளிப்போட நமக்கு இருக்கிற இடம் அவ்வளவுதான்.

கோளாறு எங்கே என்பதும் இன்னும் உறுதியாகவில்லை. உடைந்த மூடிதான் காரணம், புது மூடி போட்டால் தீர்ந்தது என்கிறார் சுயம்பு. எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. கீழிருந்து தொட்டிக்கு ஏறுகிற குழாய் பின்பக்கச் சாக்கடையை ஒட்டி இருபதடி தூரம் போகிறது. அந்த இடத்தில் சுவர் கோடையிலும் ஈரமாக இருந்ததை உன் அம்மா பாசி பற்றிய பக்கத்தில் ஏப்ரலிலேயே எழுதியிருக்கிறாள், இன்ன சுவர், இவ்வளவு உயரம் என்று அளவோடு. பிளம்பர் அஸாருதீனிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். அவர் ஸ்க்ரூ டிரைவரால் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சாச்சா, மூடிய மாத்துனா புறா வராது, லீக் நிக்காது, பைப்பத் தொறந்துதான் பாக்கணும்" என்றார். வெளியாள் இப்படிச் சொன்ன பிறகுதான் வீட்டு ஆளின் நோட்டை நான் நம்பினேன் என்று உன் அம்மா சொல்லிக்காட்டினாள். அதுவும் உண்மைதான்.

இனி எழுதுவது உனக்கு மட்டும். திங்கட்கிழமை தாதரில் பயிற்சி என்று சொல்லிவிட்டு அம்மா புறப்பட்டாள். ஸ்கார்ஃபை எடுக்கவில்லை, பழைய ஃபைலை எடுத்தாள், எனக்கு அப்போதே ஏதோ பட்டது. நேற்று அறிக்கையை அவள் நோட்டுக்குள் வைக்கப் போனபோது திங்கட்கிழமை கொடுத்த பாஸ்போர்ட் ஆபீஸ் ரசீது இருந்தது. விண்ணப்பித்த தேதி ஜூன் மூன்று. அதாவது நான் தண்ணீர் சுத்தம் என்று ஊருக்கெல்லாம் சொன்ன இரண்டாம் நாள், என்னோடு பேசாமல் இருந்த நாள். கேட்டேன். மறைக்கவில்லை. "ஆமா, எழுதிப் போட்டிருக்கேன். தண்ணி சரியாவலன்னா அவ வர வேண்டாம், நான் போறேன். தலைப்பிள்ளைக்குத் தாய் வேணும், தாய் வீடே வேணும்னு எங்கயும் எழுதிவைக்கல" என்றாள். எனக்கு ராத்திரி முழுக்க ஒரே எண்ணம். நீங்கள் இரண்டு பேரும் முதலிலேயே பேசி வைத்துக்கொண்டீர்களோ என்று. ஏப்ரலில் நீ லிஃப்ட் சரியாகிவிட்டதா என்று இரண்டு தடவை கேட்டாய். மே நடுவில் பேசும்போது, மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காது, பிள்ளை பிறக்கும்போது அவர் பக்கத்தில் இருக்க முடியாது என்றாய். கறுத்த புட்டியின் படத்தை அம்மா அனுப்பியபோது நீ பயந்ததாக எனக்குத் தெரியவில்லை, அப்போ பார்த்துக்கலாம்பா என்று ஒரு வார்த்தையில் முடித்தாய். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், உனக்கு இங்கே வர விருப்பமில்லை, சொன்னால் அப்பா வருத்தப்படுவார் என்று தண்ணீர் மேல் பழி போடுகிறாய் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நான் சேர்த்துப் பார்த்தது தவறாகவும் இருக்கலாம், இந்த மாதம் என் சோதனைகள் சரியாக வரவில்லை. அதனால்தான் கேட்கிறேன். தண்ணீர் நாளைக்கே சரியாகிவிட்டது என்று வைத்துக்கொள், அப்போது நீ எங்கே பிள்ளை பெற விரும்புகிறாய்? மாப்பிள்ளை பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது உன் ஆசையானால் அது சரியான ஆசைதான், அதைச் சொல்வதற்கு ஒரு கெட்ட தொட்டி தேவையில்லை. எனக்குக் கொஞ்சம் வருத்தம் இருக்கும். உன் அறையிலிருந்த இலைகளை எடுக்கச் சொல்லி வெள்ளையடிக்க ஆளும் பார்த்துவிட்டேன். ஆனால் அது உன் தலையில் ஏற வேண்டிய வருத்தம் இல்லை.

மற்றபடி மாத்திரைகளை விடாதே, அங்கேயும் காய்ச்சின தண்ணீர்தான் குடி, மஸ்கட் தண்ணீர் நல்லது என்று யார் சொன்னாலும் கேட்காதே. ஏசிக்கு நேராகப் படுக்காதே. மாப்பிள்ளையை வேகமாக வண்டி ஓட்டவேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். அம்மாவிடம் இந்தக் கடைசிப் பக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டாம், அவளாகக் கண்டுபிடித்தால் கண்டுபிடிக்கட்டும்.

நிலுவையில் நிற்பவை இவை. நாளை வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அஸாருதீன் சுவரை உடைத்துக் குழாயைத் திறக்கிறார். வெள்ளிக்கிழமை தொட்டியை இறைத்துக் கழுவுகிறார்கள், உன் அம்மா மேலே நின்று பார்ப்பதாகச் சொல்லிவிட்டாள், இந்த முறை படத்தில் நம்பிக்கை வைக்கவில்லை. அன்றைக்கே அவளுடைய பாஸ்போர்ட்டுக்காகப் போலீஸ் விசாரிக்க வரலாம். சனிக்கிழமை காலை மறுபடி தண்ணீர் பிடிக்கிறோம், அவள் பிடிப்பாள், நான் நேரம் எழுதுவேன். முடிவு வருவது பதினேழாம் தேதி செவ்வாய்க்கிழமை, நான்கு மணிக்கு மேல். அதுவரை டிக்கெட்டை மாற்றவும் வேண்டாம், ரத்து செய்யவும் வேண்டாம். என் பாஸ்போர்ட்டும் 2019இல் முடிந்துபோனது. புதுப்பிக்க எனக்கு இருபதாம் தேதி காலை பத்தேகாலுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், இது உன் அம்மாவுக்கு இன்னும் தெரியாது. உன் பதில்தான் பாக்கி. செவ்வாய்க்கிழமை ஐந்து மணிக்கு நானே கூப்பிடுகிறேன், அந்த நேரம் அவள் பள்ளியில் இருப்பாள்.

ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, தாயையும் பிள்ளையையும் இரண்டு உயிராகப் பிரித்து எங்கள் கண்ணில் காட்டட்டும். ஐந்து மணிக்கு போனைக் கையில் வைத்துக்கொள்ள மறக்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா
தனசீலன்